பதினேழாம் வாசகம்

"பதினேழ மட்டும் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க தங்கச்சி. மனுசருக்குப் பயம் போகட்டும்," என்றார் சட்டத்தரணி அரூஸ்.

எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தவர் குண்டசாலைக்காரர். புதுச் சட்டம் வந்தால் தன் காணியை சூரியசக்தி நிலையத்துக்கு எடுத்துவிடுவார்களோ என்று கேட்டு வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் கஜலட்சுமி அரசிதழான வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை விரித்தாள். அரூஸ் சிங்களப் பிரதியை மேசையில் வைத்துக்கொண்டு, பேனா முனையால் வரிவரியாகத் தொடர்ந்து வந்தார். கீழே கண்டி நீதிமன்ற வாசலில் செவ்வாய்க்கிழமைக் காலைக்குரிய சத்தமெல்லாம் இருந்தது.

காலநிலை நடவடிக்கை மற்றும் தூய எரிசக்திச் சட்டமூலம் என்று அதற்குப் பெயர். நிலக்கரியையும் டீசலையும் எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும், மண்சரிவு ஆபத்துள்ள இடங்களில் இருப்பவர்களை எப்படிக் குடியமர்த்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நீர்மின்சாரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் ஏற்ற இடங்களை அமைச்சர் வலயங்களாகப் பிரகடனம் செய்யலாம். அந்த வலயங்களில் குடியிருப்பவர்களின் கதியைச் சொல்வது பதினேழாம் வாசகம்.

கஜலட்சுமி வாசித்தாள். "'தூய எரிசக்தி வலயமொன்றினுள் வசிப்போர் எவரும், மாற்றுக் காணியும் வீடும் கையளிக்கப்பட்ட பின்னரன்றி அங்கிருந்து அகற்றப்படலாகாது.'"

பேனா நின்றது. "திரும்ப வாசிங்க."

வாசித்தாள்.

"ஒப்பு எங்க?"

"என்னா சேர்?"

"சிங்களத்துல 'ஒப்புவக் சஹிதவ' எண்டு ஈக்குது. காணி உறுதிப் பத்திரத்தோட வசிக்கிறவங்க. ஒங்கட தமிழ்ல அந்தச் சொல்லே இல்லையே."

அவள் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிங்களப் பிரதியில் அந்த இரண்டு சொற்களும் தெளிவாக இருந்தன. அதற்கு அடுத்த உபவாசகத்தையும் பார்த்தாள். 'ஏனையோர்' மூன்று மாத அறிவித்தலின் பேரில் அகற்றப்படலாம். தமிழில் மொழிபெயர்த்தபோது, அந்த ஏனையோர் என்பவர்கள் வேலைக்கு வந்து கொட்டில் போட்டுத் தங்கும் கொந்தராத்துக்காரர்களும் அவர்களின் ஆட்களும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அவர்கள் யாரென்று தெரிந்தது.

குண்டசாலைக்காரரிடம் உறுதி இருந்தது. அவர் நிம்மதியாக எழுந்து போனார்.

கஜலட்சுமிக்கு நாற்பத்து மூன்று வயது. கம்பளையில் பிறந்தவள். பத்தொன்பது வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வழக்கு ஆவணம் என்று கையில் வந்ததையெல்லாம் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுத்தவள். கடந்த மூன்று வருடமாக அமைச்சு ஒன்றின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வீட்டு அடுப்பு பெரும்பாலும் அந்த வேலையில்தான் எரிந்தது.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் தன் பழைய கோப்பைத் திறந்தாள். அவளுடைய வரைவு நவம்பர் மாதத்தது. புயல் வந்துபோன வாரம். கண்டியில் பாதி இடத்துக்கு மின்சாரம் இல்லை. இதே அலுவலகத்தில் மடிக்கணினியைச் சார்ஜ் போட்டுப் போட்டு, அறுபத்தொரு பக்கத்தை ஐந்து நாளில் முடித்துக் கொடுத்தாள். பதினோராம் பக்கத்தின் அடியில் இருந்தபோதுதான் கம்பளையிலிருந்து தம்பி பேசினான். வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது என்றான். பேசி முடித்து, அழுது, முகம் கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தபோது அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு சொற்களைத் தாண்டி ஆரம்பித்திருக்கிறாள். அதன்பிறகு அந்த வரைவை வேறு யாரும் சிங்களத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அப்படியே வர்த்தமானிக்குப் போய்விட்டது.

"நான்தான் சேர்," என்றாள். "நான்தான் விட்டிருக்கேன்."

அரூஸ் சட்டமூலத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அதில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏதும் ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.

"எங்கயாச்சும் இத வாசிச்சுக் காட்டினீங்களா? ஆக்களுக்கு?"

"கல்லுமலையில," என்றாள்.

கல்லுமலை கம்பளைக்கு மேலே உள்ள தோட்டம். அதன் ஓடையில் சிறு நீர்மின் நிலையம் கட்டவும், தேயிலை பிடுங்கிய சரிவில் சூரியத் தகடுகள் நடவும் திட்டம் இருந்தது. பெப்ரவரி மாதம் அமைச்சின் குழுவோடு போய், அங்கிருந்த தொண்ணூற்றாறு குடும்பங்களுக்கும் பதினேழாம் வாசகத்தைத் தமிழில் விளக்கியவள் கஜலட்சுமி. "வசிக்கிறவங்கன்னா நீங்கதான்," என்று சொல்லியிருந்தாள். "காணியும் வீடும் கையில தராம உங்கள யாரும் எழுப்ப முடியாது." நவம்பரில் அந்தத் தோட்டத்தின் கீழ் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணோடு போயிருந்தது. நான்கு பேரைத் தோண்டி எடுத்திருந்தார்கள். பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு என்றதும் கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆதரவுக் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

அவர்களில் ஒருவரிடமும் காணி உறுதி கிடையாது.

அரூஸ் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். "பில் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்துல வந்தது போன வியாழனுக்கு முந்தின வியாழன். பதினாலு நாளைக்குள்ள உயர் நீதிமன்றத்துல பெட்டிசன் போடலாம். அதுக்குப் பொறகு சட்டமாகிட்டா எந்தக் கோர்ட்டும் அதத் தொட ஏலாது." விரல் விட்டு எண்ணினார். "நாளண்டைக்குக் கடைசி நாள்."

அவள் முதலில் போனது மாலனி விஜேகோனிடம். அமைச்சின் கண்டி அலுவலகத்துக்குப் பொறுப்பானவர், பெப்ரவரியில் அவளோடு கல்லுமலைக்கு வந்தவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்து லயம் லயமாகப் போய்ப் பார்த்தவர். கஜலட்சுமிக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. இருவரும் எப்போதும் சிங்களத்தில்தான் பேசுவார்கள்.

கஜலட்சுமி சொன்னதை மாலனி முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"நல்லவேளை இப்போதே சொன்னீர்கள். பயப்படாதீர்கள், திருத்திவிடலாம்."

கஜலட்சுமிக்கு மூச்சு வந்தது. "சிங்களத்தையா மேடம்?"

"சிங்களத்தில் என்ன பிழை இருக்கிறது, கஜா? தமிழைத்தான். தவறுதலாக விடுபட்டது என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை திருத்த அறிவித்தல் போட்டுவிடுவோம்."

"அப்படியானால் கல்லுமலை ஆட்கள்?"

"அவர்களைப் பற்றிப் பிறகு ஒழுங்குவிதிகளில் ஏதாவது செய்யலாம். நானே போய்ப் பேசுகிறேன்."

"எப்போது போவீர்கள் மேடம்?"

"வெள்ளிக்குப் பிறகு."

வியாழனோடு தவணை முடிகிறது என்பது மாலனிக்கும் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தணிந்த குரலில் பேசினார்.

"இந்தச் சட்டத்துக்காக ஆறு வருடம் அலைந்திருக்கிறேன். மூன்று அரசாங்கம் பார்த்துவிட்டேன். நவம்பரில் என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். இன்னொரு புயல் வருவதற்கு முன் இது வர வேண்டும். வழக்குப் போட்டால் எல்லாம் நின்றுவிடும். நிலக்கரிக்காரர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக முழுச் சட்டத்தையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

மாலனி சொன்னதில் பொய் இல்லை.

"கடிதம் நாளைக்கு ஐந்து மணிக்குள் வேண்டும்," என்றார் மாலனி. "வராவிட்டால் பிழை யாருடையது என்று நான் மேலே எழுத வேண்டியிருக்கும். உங்களை அதில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை."

அன்றிரவு அவள் கடிதத்தை எழுதினாள். ஆறே வரி. காலையில் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம் என்று மடித்துப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. கல்லுமலையிலிருந்து டொரதி. தோட்டத்துப் புள்ளக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், இருபது வருடமாக வேலை செய்பவள். ஆதரவுக் கடிதத்துக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

"அக்கா, ஜீப்புல ஆளுங்க வந்திருக்காங்க. சர்வேயர் லயத்துச் செவுத்துல எல்லாம் செவப்பு பெயின்டுல நம்பர் போடுறாரு. ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க. வீடு தர்றதுக்குத்தானே, போட்டுறலாமுங்களா?"

"என்னா பேப்பர் டொரதி? என்ன எழுதியிருக்கு?"

"முழுக்க சிங்களம்க்கா. நீங்க சொன்னதுதானேன்னு பத்துப் பதினஞ்சு பேரு வரிசையில நிக்கிறாங்க."

"யாரும் போட வேணாம். நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் போடக்கூடாது."

"ஏன்க்கா?"

"வந்து சொல்றேன்."

கம்பளைக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். பேராதனை தாண்டியதும் மழை பிடித்தது. கம்பளையில் இறங்கி ஆட்டோவைப் பிடித்தாள். நவம்பரில் அறுந்த பாதையை மண் போட்டு நிரப்பியிருந்தார்கள்; ஆட்டோ வழுக்கி வழுக்கி ஏறியது. பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மடித்த கடிதம் பைக்குள் இருந்தது. இப்போது திரும்பிப் போனாலும் ஐந்து மணிக்குள் கொடுத்துவிடலாம். அந்த நினைப்பு மேலே போய்ச் சேரும்வரை அவளை விடவில்லை.

புள்ளக்காம்பராவின் வாசலில் மேசை போட்டு, கள உத்தியோகத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே வரிசை. டொரதி குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கக்கா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பதினொரு பேரு போட்டுட்டாங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. இதுல என்னா எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் சொல்லிருங்க, முடிஞ்சிரும்."

கஜலட்சுமி மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். வாசிக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது. கீழே கையொப்பமிடும் நான், உறுதி இன்றி இவ்விடத்தில் வசிப்பவர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அறிவித்தல் கிடைத்து மூன்று மாதத்துக்குள் வெளியேறச் சம்மதிக்கிறேன்.

வரிசையில் நின்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெப்ரவரியில் கைதட்டியவர்கள்.

"இதுல கையெழுத்து போடாதீங்க," என்றாள். குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "போடாதீங்க. இது வீடு தர்ற பேப்பர் இல்ல. உங்கள எழுப்புற பேப்பர்."

படிவத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அன்னைக்கு நான் உங்களுக்கு வாசிச்சது பிழை. சிங்களத்துல, உறுதி இருக்கிறவங்களுக்குத்தான் வீடுன்னு இருக்கு. தமிழ்ல எழுதும்போது அந்தச் சொல்ல நான் விட்டுட்டேன். யாரும் சொல்லிச் செய்யல்ல, யாரும் ஏமாத்தல்ல. நான்தான் விட்டேன். உறுதி இல்லாதவங்களுக்கு மூணு மாச நோட்டீஸ்தான்."

டொரதி குடையை மடக்கினாள். மழையில் நனைந்தபடியே நின்றாள்.

"என்னாக்கா சொல்றீங்க?"

"நேத்துத்தான் தெரியும் டொரதி."

"நேத்தா?" டொரதியின் குரல் ஏறியது. "நேத்துத் தெரிஞ்சு இன்னைக்கு நான் கூப்புட்ட பொறகா வர்றீங்க? நான் கூப்புடாட்டி?"

கஜலட்சுமி, மடித்த கடிதம் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

"தொண்ணூத்தாறு வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினேன். கெழவிங்க கையப் புடிச்சுப் போட வெச்சேன். அந்தக்கா படிச்சவங்க, நம்ம ஆளு, பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லி வாங்கினேன்!"

வரிசை கலைந்தது. ஒரு பெண் முன்னால் வந்தாள். ஷிராணி. பல்லேகலையில் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பவள், சிங்களப் பாடசாலையில் படித்தவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கஜலட்சுமியின் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கிச் சிங்களத்தில் உரக்க வாசித்தாள். பிறகு வரிசையைப் பார்த்து, "ஆமா. மூணு மாசம்னுதான் போட்டிருக்கு," என்றாள்.

கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் ஒருவர் மேசையை நோக்கிப் பாய்ந்தார். உத்தியோகத்தர் படிவங்களை அள்ளிக் கோப்புக்குள் திணித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். ஆண்கள் ஜீப்பைச் சுற்றிவிட்டார்கள். யாரோ பானெட்டில் அறைந்தார்கள். ஒருவர் கையில் கல் இருந்தது. சர்வேயரின் உதவியாள் அளவைக் கம்பத்தை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம், பாதையில் ஜீப் திரும்பக்கூட இடமில்லை. ஒரு கல் விழுந்தால் போதும், பின்னேரத்துக்குள் பொலிஸ் வந்து நிற்கும். அதற்குப் பிறகு கல்லுமலையின் பேச்சை எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

டொரதி ஆட்களை விலக்கிக்கொண்டு ஜீப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். கல் வைத்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கஜலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க வாங்க. நான் சொல்றத அந்தாளுக்கு சொல்லுங்க. நான் என்னா சொல்றேனோ அத. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். ஷிராணி, நீ பக்கத்துல நின்னு கேளு."

கஜலட்சுமி போய் ஜீப்பின் ஜன்னலருகே நின்றாள். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கினார்கள்.

"அந்தப் பதினொரு பேப்பரையும் திருப்பித் தரச் சொல்லுங்க."

சொன்னாள்.

உத்தியோகத்தருக்கு வியர்த்திருந்தது. வயதில் இளையவர். "கையெழுத்தானது அரசாங்க ஆவணம். திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் அரச கடமைக்கு இடைஞ்சல் செய்கிறீர்கள் என்று நான் முறைப்பாடு செய்வேன்."

அதையும் அப்படியே தமிழில் சொன்னாள். கூட்டம் உறுமியது.

"என்னா எழுதியிருக்குன்னு தெரியாதவங்ககிட்ட வாங்கின கையெழுத்து அது," என்றாள் டொரதி. "எங்க லயம் மண்ணுல போனப்போ எங்க வெறுங்கையால தோண்டினோம். அப்ப ஒரு அரசாங்க ஆவணமும் மேல வரல்ல. பேப்பரக் குடுங்க, பாதையை விடுறோம். ஒங்க மேல ஒரு விரல் படாது. நான் பொறுப்பு. குடுக்காட்டி எனக்குப் பொறுப்பில்ல."

கஜலட்சுமி ஒவ்வொரு வசனமாகச் சிங்களத்தில் சொன்னாள். கடைசி வசனம் மிரட்டல் மாதிரி இருந்தது. அதை மென்மையாக்க நாக்கு வளைந்தது. வளையவிடாமல் சொல்லி முடித்தாள். ஷிராணி தலையாட்டினாள்.

உத்தியோகத்தர் போனை எடுத்தார். இரண்டு தடவை எடுபடவில்லை. மூன்றாம் தடவை, "மாலனி மேடம்," என்றார். நிலைமையை வேகமாகச் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போனை ஜன்னல் வழியாகக் கஜலட்சுமியிடம் நீட்டினார்.

"கஜா," என்றது அந்தக் குரல். "அந்தப் படிவம் சட்டம் வந்த பிறகுதான் போக வேண்டியது. யார் இப்போதே அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள்." சற்று நிறுத்தி, "கொடுக்கச் சொல்லிவிட்டேன். நான் கேட்ட கடிதம் வருமா?" என்று கேட்டார்.

"வராது மேடம்," என்றாள் கஜலட்சுமி.

தொடர்பு அறுந்தது.

பதினொரு தாள்களும் ஜன்னல் வழியாக வந்தன. டொரதி ஒவ்வொன்றாக எண்ணி, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். பிறகு ஆண்களைப் பாதையோரமாக நிற்க வைத்தாள். ஜீப் பின்பக்கமாகவே வளைவு வரைக்கும் ஊர்ந்து போனது. யாரும் எதையும் எறியவில்லை.

புள்ளக்காம்பராவுக்குள் தொட்டில்களுக்கு நடுவே கஜலட்சுமியும் டொரதியும் ஷிராணியும் நின்றார்கள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கஜலட்சுமி நாளைய தவணையைப் பற்றிச் சொன்னாள். இங்கே வசிக்கும் ஒருவர் மனுதாரராக வர வேண்டும். சட்டத்தரணி ஆயத்தமாக இருக்கிறார்.

"மனுப் போட்டா வீடு கெடைக்காமப் போயிருமா?" என்று கேட்டாள் டொரதி.

"போகலாம். சட்டம் தள்ளிப் போகலாம். அடுத்த மழைக்கு முன்னாடி ஒண்ணும் நடக்காமப் போகலாம். கேஸ் தோத்தும் போகலாம்."

"போடாட்டி?"

"மூணு மாச நோட்டீஸ்."

டொரதி ஒரு தொட்டிலை ஆட்டினாள். அதற்குள் குழந்தை இருக்கவில்லை.

"கோர்ட்டுல, நான்தான் பிழை விட்டேன்னு சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"எழுதி?"

"எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். அது இல்லாட்டி நீங்க ஏன் ஆதரவுக் கடிதம் குடுத்தீங்கன்னு கேப்பாங்க."

"வேல போயிருமே."

"போயிரும்."

டொரதி அலுமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டாள். "ஷிராணியும் வருவா," என்றாள். "எழுதுறத அவ வாசிப்பா." அதற்குப் பிறகு கண்டி போய்ச் சேரும்வரை கஜலட்சுமியோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பின்னேரம் அரூஸின் அலுவலகத்தில் இரண்டு சத்தியக் கடதாசிகள் தயாராயின. ஒன்று டொரதியுடையது. மற்றது கஜலட்சுமியுடையது. அதைத் தட்டச்சு செய்வதற்கு முன் அரூஸ் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, நான் ஒங்கட சட்டத்தரணி இல்ல, அந்தப் புள்ளட சட்டத்தரணி. ஆனாலும் சொல்றேன். இது போனா ஒங்கட லைசன்ஸுக்கே பிரச்சின வரலாம். யோசிச்சீங்களா?"

"பஸ்ஸுல வர்றப்போ முழுக்க அதத்தான் யோசிச்சேன் சேர். தட்டச்சு பண்ணுங்க."

ஷிராணி இரண்டையும் எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "'கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க. வெள்ளத்தப் பத்தி, தம்பி பேசினதப் பத்தி ஏன் போடல்ல?" என்று கேட்டாள். அரூஸ்தான் அவளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அது காரணம்தான். அத எழுதினா மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கும்," என்றாள் கஜலட்சுமி.

பக்கத்து அறைச் சட்டத்தரணி முன்னிலையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். மணி ஐந்து கடந்திருந்தது.

வியாழன் காலை ஆறரைக்கு அரூஸின் காரில் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். மூன்று மணிக்குள் உயர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தாக வேண்டும். அதே நாளில் சபாநாயகருக்கும் பிரதி போக வேண்டும். கடுகண்ணாவையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. இரவு மழையில் மண் இறங்கி, பாதையின் ஒரு பக்கம் மூடியிருந்தது. ஒரு திசையில் இருபது வாகனம், மறு திசையில் இருபது வாகனம் என்று விட்டார்கள். எட்டு மணி, ஒன்பது, ஒன்பதே முக்கால். அரூஸ் கொழும்பிலிருந்த சக சட்டத்தரணி ஒருவரோடு திரும்பத் திரும்பப் போனில் பேசினார். சபாநாயகருக்கான பிரதியை அங்கேயே அச்செடுத்துக் கொண்டுபோகச் சொன்னார். மூல ஆவணம் காரில் இருந்தது. அதற்கு வேறு வழியில்லை.

டொரதி முன்னிருக்கையில் இருந்தபடி சரிந்து கிடந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்வாரி ஒன்று அதை அள்ளிக்கொண்டிருந்தது. "எங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் அந்த மிசின் வந்துச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

பத்தரைக்குப் பாதை விட்டது. பிறகு கேகாலையில் நெரிசல், களனியில் நெரிசல். நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையில் காரை நிறுத்த இடமில்லை. அரூஸ் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "இறங்கி ஓடுங்க!" என்றார். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கஜலட்சுமி ஓடினாள். பின்னால் டொரதியின் செருப்புச் சத்தம் கேட்டது. படிகளில் ஒருமுறை கஜலட்சுமி தடுக்கினாள். டொரதி அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

எழுதுவினைஞர் பக்கங்களைப் புரட்டினார், இணைப்புகளை எண்ணினார், ஒரு இடத்தில் நின்றார், மறுபடி எண்ணினார். சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பத்திரண்டு காட்டியது. அவர் முத்திரையை மையில் அழுத்தி முதல் பக்கத்தில் குத்தினார்.

ஐந்து வாரம் கழித்து நீதிமன்றத்தின் தீர்மானம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. உறுதி உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்கும் பதினேழாம் வாசகம் இப்போதிருக்கும் வடிவில் சமத்துவ உரிமைக்கு முரணானது. அதைத் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மையோடு சட்டத்தை நிறைவேற்றலாம். சட்டம் மாலனி பயந்தபடி நின்றுபோகவில்லை. குழுநிலையில் அந்த வாசகத்தை மாற்றி, 'உறுதியுடன் அல்லது பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ச்சியாக வசிப்போர்' என்று எழுதினார்கள். மற்ற வாசகங்கள் அப்படியே நிறைவேறின.

கஜலட்சுமிக்கு அமைச்சிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. லைசன்ஸ் பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ்களோடு வருபவர்கள் முன்போல வந்தார்கள், கொஞ்சம் குறைவாக. மாலனி ஒருமுறை போனில் அழைத்தார். "இப்படித் திருத்தலாம் என்று முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்," என்றார்.

சட்டம் அச்சாகி வந்த வாரம் டொரதி பேசினாள். "ஞாயித்துக்கிழம வந்து வாசிச்சுக் காட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

புள்ளக்காம்பராவில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கஜலட்சுமி தமிழில் ஒரு வசனம் வாசிப்பாள். பக்கத்தில் ஷிராணி சிங்களப் பிரதியைப் பார்த்து, "சரி," என்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்த வசனம். அப்படிப் பதினேழை வாசித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்து, மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் குழந்தை. வேறொரு தோட்டத்தில் வீடு மண்ணோடு போய், நவம்பருக்குப் பிறகு கல்லுமலைக்கு வந்து சேர்ந்த ஆறு குடும்பங்களில் ஒருத்தி.

"நாங்க வந்து பத்து மாசந்தான் ஆகுது," என்றாள். "எங்களுக்கு இதுல இருக்குங்களா?"

எல்லோரும் கஜலட்சுமியைப் பார்த்தார்கள். ஷிராணி தாளைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் கஜலட்சுமி. "உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. இப்படியே இருந்தா உங்களுக்கு மூணு மாச நோட்டீஸ் வரலாம்."

அந்தப் பெண் நின்றபடியே இருந்தாள். டொரதி எழுந்து போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு கஜலட்சுமியைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த கதிரையைக் காலால் நகர்த்திவிட்டாள்.

"இருங்கக்கா. இவங்க ஆறு குடும்பத்து பேரையும் எழுதிக்கிட்டுப் போங்க."

கஜலட்சுமி உட்கார்ந்து, பையில் பேனாவைத் தேடினாள்.